தயிர் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம், வீட்டில் நாலு பேர். தினமும் தயிர் பாக்கெட் வாங்கி அலுத்துவிட்டது. நான் உறை ஊற்றினால் ஒரு நாள் கட்டியாக வருகிறது, ஒரு நாள் தண்ணீர் விட்டு நிற்கிறது, மார்கழியில் விடிந்தும் பாலாகவே இருக்கிறது. ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குத் தயிர் மெஷின் பார்த்தேன். வாங்கினால் தொல்லை தீருமா?

பதில்: வேண்டாம். அந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே வாங்க மாட்டீர்கள். அடியில் ஒரு சின்ன ஹீட்டர், மேலே ஒரு டப்பா, ஒரு மூடி. தயிரை உறைய வைக்கிற நுண்ணுயிர்களுக்கு 40லிருந்து 45 டிகிரி வரை இருந்தால் கொண்டாட்டம், அந்தச் சூட்டைச் சில மணி நேரம் பிடித்து வைப்பதுதான் அதன் மொத்த வேலை. மொட்டை மாடிக்கு நேர் கீழே அடுக்களை இருக்கிற வீடுகளில் சித்திரை, வைகாசியில் அந்த வேலையை வெயிலே பார்த்துவிடும். கரண்ட் நிறைய இழுக்கும் என்று அதன் மேல் பழி போட மாட்டேன், இழுக்காது. ஆனால் எங்கள் வீட்டுக்கும் ஒன்று சீரோடு வந்தது, இப்போது மெஷின் பரணில் தூங்குகிறது, அதன் டப்பாவில் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறோம்.

உங்கள் சிக்கல் வேறு. தினம் ஒரு மாதிரி வருகிறது என்றால் தினம் ஒரு சூட்டில் உறை ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். பால் பொங்கியதும் உடனே இறக்காமல், தீயைக் குறைத்து ஒரு ஐந்து, பத்து நிமிஷம் கிளறிக்கொண்டே காய விடுங்கள். அந்தச் சூட்டில்தான் பாலில் இருக்கிற புரதம் மாறி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற பக்குவத்துக்கு வருகிறது, தயிர் கட்டியாக வருமா வராதா என்பது பாதி இங்கேயே முடிவாகிவிடும். அப்புறம் ஆற விடுங்கள். நன்றாகக் கழுவிய சுண்டு விரலைப் பாலில் விட்டு மெதுவாகப் பத்து எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் விரலை எடுத்தீர்களானால் இன்னும் சூடு அதிகம், அதில் உறை ஊற்றினால் உறை செத்துப்போகும். பத்து வரை எண்ண முடிகிறது, ஆனால் சூடு சுருக்கென்று தெரிகிறது, அதுதான் பதம். சூடே தெரியவில்லை என்றால் ஆற விட்டுவிட்டீர்கள், லேசாகச் சுட வையுங்கள்.

அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை போதும். நிறைய ஊற்றினால் நிறையக் கட்டியாகும் என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு, அப்படிச் செய்தால் சீக்கிரம் புளித்துத் தண்ணீர் விட்டுவிடும். கலந்து மூடி வைத்த பிறகு, உறைந்துவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கக் கூடாது. கோடையில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும், உடனே ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஊற்றிவிட்டு காலை எட்டு மணிக்கு எடுத்துவிட்டு "புளிக்கிறது" என்றால் தயிர் என்ன செய்யும்?

மார்கழிக்கு இரண்டு டீஸ்பூன் உறை, கூடவே ஒரு ஹாட்பாக்ஸ். அதில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, தயிர்க் கிண்ணத்தை உள்ளே வைத்து மூடுங்கள். ஹாட்பாக்ஸ் இல்லையா, பழைய பெட்ஷீட்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்குங்கள். இதுதான் ஆயிரம் ரூபாய் மெஷின்.

உறைக்கு அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்பூன் வாங்கினால் போதும். இல்லாவிட்டால் சாதாரண தயிர் பாக்கெட் சின்னதாக ஒன்று. பழச்சுவை சேர்த்த யோகர்ட் கப் வேண்டாம். பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டாலும் உறையும் என்பார்கள், சில நாள் உறைகிறது, சில நாள் காம்புதான் மிதக்கிறது.

கேள்வி: தயிருக்கு நீல பாக்கெட் பாலா, ஆரஞ்சா? (பெரம்பூரில் இருந்து)

பதில்: ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. தினசரிச் சாப்பாட்டுக்கு நீலமே தாராளம், கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் போதும். விருந்தாளி வருகிற நாளில் ஆரஞ்சு வாங்குங்கள், மேலே ஆடை ஒரு விரல் நிற்கும். பக்கத்தில் மாதவரத்தில் ஆவின் பால்பண்ணையையே வைத்துக்கொண்டு தயிருக்கு மெஷின் தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை. அரை லிட்டர் பாலில் கிட்டத்தட்ட அரை கிலோ தயிர் வரும், கடையில் அரை கிலோ பாக்கெட் விலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்கெட் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் எத்தனை கிராம் என்பதையும் படியுங்கள், ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பாக்கெட்டில் எடை வேறாக இருக்கும்.

கேள்வி: மண்சட்டியில் உறை ஊற்றினால் உண்மையிலேயே நன்றாக வருமா? (வியாசர்பாடியில் இருந்து)

பதில்: வரும். மண் கொஞ்சம் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகலாக இருக்கும். அதே மண், நீர் கசிந்து ஆவியாவதால் பாலைக் குளிரவும் வைக்கும், அதனால் கோடைக்குச் சட்டி, குளிருக்கு எவர்சில்வர். கொசப்பேட்டையில் சட்டி வாங்கப் போனால் பளபளவென்று வார்னிஷ் அடித்ததை விட்டுவிட்டு, வெறும் மண்ணாக இருப்பதை எடுங்கள். விரலால் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்து எடுத்தால் மண்வாசனை போய்விடும். சோப்பு மட்டும் போடாதீர்கள், அடுத்த தயிரில் அந்த வாசனைதான் வரும்.