விண்டோஸ் 11-இல் மெனு எங்கே போயிற்று? மொரீஷியஸ் வாசகர் கேள்விகள்

ரோஸ் ஹில், தமிழ் ஆசிரியை: பள்ளிக் கணினியில் விண்டோஸ் 11 வந்தபின், கோப்பின்மேல் வலது கிளிக் செய்தால் கட், காப்பி என்ற வரிகளே இல்லை. கோப்புகளைச் சுருக்கும் ஜிப் மென்பொருளின் வரியும் காணோம், ஐயா.

எதுவும் அழியவில்லை, அம்மா. கட், காப்பி, பெயர் மாற்றம், நீக்கம் எல்லாம் சின்னங்களாகி, மவுஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் இருக்கின்றன. மெனு கீழ்நோக்கி விரிந்தால் அந்த வரிசை தலையில் இருக்கும். மேல்நோக்கி விரிந்தால் அடியில். கை தடுமாறுவது அதனால்தான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் சின்னங்களோடு பெயரும் சேர்த்துவிட்டார்கள், அப்டேட் செய்யுங்கள்.

ஜிப் வரி பழைய மெனுவில் இருக்கிறது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே வலது கிளிக் செய்யுங்கள், அல்லது கோப்பைத் தேர்ந்து ஷிஃப்ட்+எஃப்10. லேப்டாப்பில் எஃப்10 வேறு வேலை செய்தால் எஃப்என் விசையும் சேர வேண்டும்.

காரணம் இது: விண்டோஸ் 95 காலத்திலிருந்து எந்த மென்பொருளும் தன் வரியை அந்த மெனுவில் செருகிக்கொள்ள முடிந்தது. மெனு நீண்டது, திறக்கவும் தாமதமானது. புதிய மெனு, புதிய முறையில் எழுதிய வரிகளை மட்டுமே ஏற்கிறது. மற்றவை பின்னால் போய்விட்டன. ஒழுங்குபடுத்தியது சரி. ஆனால் சொல்லை எடுத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் வைத்தது பெரும் தவறு.

கியூர்பிப், கோவில் அலுவலகம்: காவடி நாட்களில் ரசீது அடிக்கும் அவசரத்தில் ஸ்டார்ட் பட்டன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

திரையின் அடியிலுள்ள பட்டையில் (டாஸ்க்பார்) சின்னங்கள் நடுவில் இருப்பதால், ஒவ்வொரு நிரலைத் திறக்கும்போதும் வரிசை நீண்டு பட்டன் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ், அலைன்மென்ட், லெஃப்ட். விண்டோஸ் 95 முதல் அது மூலையில் இருந்ததில் பொருள் உண்டு: மூலைக்குக் குறி பார்க்கவே வேண்டாம், மவுஸைத் தள்ளினால் போய் நிற்கும்.

போர்ட் லூயி: அலுவலகத்தில் பிரெஞ்சு வேர்ட், வீட்டில் ஆங்கிலம். கன்ட்ரோல்+பி (B) அழுத்தினால் தடித்த எழுத்து வருவதில்லை. கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் ஜன்னலே மூடுகிறது!

இரண்டும் வெவ்வேறு கோளாறு. பிரெஞ்சு வேர்டில் தடித்த எழுத்துக்கு கன்ட்ரோல்+ஜி, ‘க்ரா’ என்ற சொல்லின் முதலெழுத்து. ஆங்கில வேர்டில் அதே விசை பக்கம் தாவுவதற்கு. ஆஃபீஸ் மொழியை ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜில் மாற்றலாம்.

இரண்டாவது, விசைப்பலகை. பிரெஞ்சு விசையமைப்பான அசெர்ட்டியில் டபிள்யூவும் இசட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆங்கில அமைப்பான குவெர்ட்டி பழகிய விரல் இசட் என்று தொடும் இடத்தில் டபிள்யூ இருக்கிறது. கன்ட்ரோல்+டபிள்யூ மூடும் கட்டளை. சேமிக்காத கோப்பென்றால் வேர்ட் கேட்கும். அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். பிரவுசரில் மூடிய பக்கத்தை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T) திரும்பத் தரும். எக்செல்லிலும் கவனம்: கூட்டலுக்குப் பிரெஞ்சு எக்செல்லில் ‘சோம்’ (SOMME) என்று தட்ட வேண்டும், பிரெஞ்சு வட்டார அமைப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. ஏற்கெனவே சேமித்த சூத்திரங்களை எக்செல்லே மொழிமாற்றிக் காட்டிவிடும்.

காத்ர் போர்ன்: விண்டோஸையே ஆங்கிலமாக்க முடியுமா?

செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன். மொழியைச் சேர்த்து, டிஸ்ப்ளே லாங்குவேஜாகத் தேர்ந்து, சைன் அவுட் செய்து திரும்புங்கள். ‘சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்பானால் முடியாது. வாங்குமுன் பெட்டியைப் பாருங்கள்.

வகுவா: பழைய கன்ட்ரோல் பேனலை எப்படித் திறப்பது?

விண்டோஸ்+ஆர் அழுத்தி, ‘கன்ட்ரோல்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி என்டர். பிரெஞ்சு விண்டோஸிலும் அதே சொல்தான்.