ஏலத்தில் பழைய இழைப்புளி: கேள்வி பதில்

ஈபே இணையதள ஏலங்களில் பழைய தச்சுக் கருவிகளை வாங்கவும் விற்கவும் விரும்பும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனமான ஸ்டான்லியின் இழைப்புளிகளைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, மரவேலை இப்போதுதான் பழகுகிறேன். முதல் இழைப்புளியாக எதை வாங்கலாம்?

14 அங்குல நீளமுள்ள, ஸ்டான்லியின் ஐந்தாம் எண் இழைப்புளியை வாங்குங்கள். 9 அங்குல நான்காம் எண் அதற்கு அடுத்தபடி வரட்டும். இரண்டும் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டவை என்பதால், இன்று கை நழுவினால் அடுத்த வாரம் இன்னொன்று ஏலத்துக்கு வரும். பிரிட்டனில் இருப்பவர்கள், ஷெஃபீல்டில் 1931 முதல் அதே அமைப்பில் செய்யப்பட்ட, ரெக்கார்டு என்ற பெயரில் வரும் இழைப்புளிகளையும் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்து நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது?

ஏலத்தில் நாம் விலை சொல்வது படத்துக்குத்தான். அதனால் வேண்டிய படம் இல்லையென்றால் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டும் அனுப்பாதவரிடம் ஏலம் கேட்காமல் இருப்பதே நல்லது. முதலில் கேட்க வேண்டியது, இழைப்புளியைக் கவிழ்த்து வைத்து அடிப்பகுதியை நேராக எடுத்த படம். மரத்தைச் சீவும் தகடு வெளியே வரும் வாயின் இரு மூலைகளிலும் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் விரிசல்தான். வார்ப்பிரும்பு வளையாது, உடையும் என்பதால் அந்த விரிசல் பக்கச் சுவர் வரை ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பக்கவாட்டுப் படமும் தேவை. சுவரில் ஓரிடத்தில் மட்டும் பித்தளை நிறம் ஓடியிருந்தால், உடைந்ததை யாரோ பற்றவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது தகடு. செம்மண் நிறத்தில் மேலாகப் படிந்த துரு ஒரு மாலை வேலையில் போய்விடும். ஆனால் தகட்டின் தட்டையான முதுகுப்புறத்தில், வெட்டும் முனையை ஒட்டித் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால், அந்தக் குழி முனைக்கு வரும் இடமெல்லாம் விளிம்பு பல் பல்லாகத் தெரியும். குழியைக் கடக்கும் வரை தேய்த்தாக வேண்டும். தீட்டித் தீட்டிக் குட்டையாகிப்போன தகடு என்றால் புதுத் தகட்டின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்லியின் திருகுகள் பல, பொதுக் கடைகளில் கிடைக்காத தனி மரை கொண்டவை.

கேள்வி: 1910-களின் இழைப்புளி என்று சொல்லி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பலாமா?

தகட்டையும் மூடியையும் கழற்றிய படம் கேளுங்கள். 1910 முதல் 1918 வரையிலான வகை என்றால், தகட்டைத் தாங்கும் வார்ப்புக்குப் பின்னால், அடிப்பகுதியின் மேற்புறத்தில், 1902-இன் இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910-இன் ஒரு தேதியுமாக மூன்று தேதிகள் பொறிக்கப்பட்டிருக்கும். பிறகு, தகட்டை அழுத்திப் பிடிக்கும் மூடியின் துளையைப் பாருங்கள். சாவித் துவாரம் போல இருந்தால் பழையது. அவரை விதை போல வளைந்திருந்தால் 1933-க்குப் பிந்தையது. மூன்று தேதியுள்ள உடலின்மேல் அவரை விதைத் துளை மூடி இருந்தால், இரண்டு இழைப்புளிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். வேலை செய்வதற்கு அது தடையில்லை. சேகரிப்போர் கொடுக்கும் விலையை மட்டும் அதற்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் முதல் நாளே விலை கேட்கிறேன். கடைசி நொடியில் யாரோ வந்து தட்டிக்கொண்டு போகிறார்கள். இது முறையா?

முறைதான். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். கடைசி நேரத்தில் யாராவது விலை ஏற்றிக் கேட்டாலும் நீளாது. முன்பு அமேசான் நடத்திய ஏலங்கள் அப்படி நீண்டன. இரண்டையும் ஒப்பிட்டு 2002-இல் ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, கடைசி நிமிடத்தில் விலை கேட்பது ஈபேயில்தான் அதிகம் என்று காட்டியது. நீங்கள் பதியும் உச்ச விலை வரை, தேவையான அளவு மட்டும் ஈபேயே உங்களுக்காக ஏற்றிக் கேட்கும். நீங்கள் 60 டாலர் வரை போகலாம் என்று பதிந்து, அடுத்தவரின் உச்சம் 35 ஆக இருந்தால், உங்களுக்கு ஏறக்குறைய 36 டாலருக்கே பொருள் கிடைக்கும். எனவே விற்று முடிந்தவற்றின் விலைகளைத் தேடிப் பார்த்து, அனுப்பும் செலவையும் கழித்து, உங்கள் உச்ச விலையைத் தாளில் எழுதி வையுங்கள். கடைசிச் சில நொடிகளில் அதை ஒரே முறை பதியுங்கள். முதல் நாளே கேட்டுவைத்தால், மறுபடி மறுபடி ஏற்றிக் கேட்பவர்களுக்கு யோசிக்க ஒரு வாரம் கொடுத்தவராகிறீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒன்றை வரவழைக்கலாமா, அண்ணா?

சுங்க வரியும் அஞ்சல் செலவும் பலருக்குத் தெரிந்தவை. கைப்பிடி மரத்தைப் பற்றித்தான் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய ஸ்டான்லி இழைப்புளிகள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் கைப்பிடி உண்டு. நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த அந்த மரம், அழிவில் இருக்கும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் முதல் பட்டியலில் 1992-இல் சேர்க்கப்பட்டது. உரிய சான்றிதழ் இல்லாமல் அது எல்லை கடந்தால் பறிமுதலாகலாம். சாயமிட்ட வேறு மரக் கைப்பிடி உள்ள பிற்காலத்து இழைப்புளியைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: மின்சார ரம்பம்?

அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கானது. இங்கே மின்மாற்றி இல்லாமல் இயக்கக் கூடாது. அந்தச் செலவோடு சேர்த்தால் பெரும்பாலும் லாபமில்லை.

கேள்வி: தாத்தாவின் கருவிகளை விற்கப்போகிறேன். பளபளவென்று துலக்கிவிடட்டுமா?

வேண்டாம், தயவுசெய்து கம்பித் தூரிகையைத் தொடாதீர்கள். தூசியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசினால் போதும்; மெருகையும் பழைய பூச்சையும் சுரண்டி எடுத்த பிறகு திரும்ப வைக்க முடியாது. தலைப்பில் நிறுவனப் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். குறை இருந்தால் அதையே தெளிவாகப் படமெடுத்துப் போடுங்கள். விரிசலை மறைத்தால் வாங்கியவர் 30 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வழி உண்டு. ‘திருப்பி எடுக்கப்படாது’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும் அது செல்லாது.

கட்டி அனுப்பும்போது தகட்டையும் மூடியையும் கழற்றித் தனித்தனியே சுற்றுங்கள். நான்காம் எண்ணே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடை பெட்டிக்குள் ஆடினால், கைப்பிடியின் மேல் நுனி முதலில் ஒடியும், அடுத்தது பக்கச் சுவர். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடைவெளியைக் கசக்கிய தாளால் இறுக்கமாக நிரப்பி, மூடுவதற்கு முன் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் தாள் வையுங்கள்.