கைத்துப்பாக்கி: டெக்சஸில் செல்லும், நியூ ஜெர்சியில் செல்லாது

கிரீன் கார்டு வந்த பிறகு ஹூஸ்டனில் கைத்துப்பாக்கி வாங்கி, அதை வெளியே உடன் எடுத்துப் போவதற்கான லைசென்ஸும் (பல மாநிலங்களில் பர்மிட் என்பார்கள்) எடுத்து வைத்திருப்பவன் நான். வக்கீல் இல்லை. ஆனால் காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றுகிறவன் என்பதால் இந்தச் சட்டங்களைத் தேடித் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எச்1பி வேலை விசாவில் ஆஸ்டினில் இருக்கிறேன் அண்ணா. டெக்சஸில் பர்மிட்டே வேண்டாம் என்கிறார்களே, நானும் ஒன்று வாங்கலாமா?

பாதிச் செய்தியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம், சரி. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடை இல்லாதவருக்குத்தான் அது. எச்1பி, எச்4, எஃப்1, பி2 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது என்கிறது ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசுச் சட்டம். கடையில் நிரப்பச் சொல்லும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

ஒரு விதிவிலக்கு உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதைக் காட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டெக்சஸின் வழக்கமான வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் சும்மா கிடக்கிற துப்பாக்கியே மறுநாள் காலையில் உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். என்னைக் கேட்டால், விசாவைப் பணயம் வைத்து வாங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அப்பா ஊரிலிருந்து பி2 சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார். ஷூட்டிங் ரேஞ்சில் ஒரு பத்து ரவுண்டு சுட வைக்கலாமா?

வேண்டாம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருப்பது' கணக்கில்தான் வரும். படிப்பு பாதியில் நின்று மாணவர் விசாவின் தகுதியை இழந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில் போய்ச் சுட்டார். வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தான் சட்டவிரோதமாக இருப்பது அவருக்கே தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அவர் பக்கம்தான் தீர்ப்பு, ஆனால் அதற்கு முன் பட்ட பாடு? அப்பாவை நாசாவுக்கு அழைத்துப் போங்கள்.

டாலஸிலிருந்து காரிலேயே நியூ ஜெர்சியிலுள்ள எடிசனுக்கு ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகிறோம். டெக்சஸ் லைசென்ஸ் இருக்கிறது, போதாதா?

இது டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இல்லை. டெக்சஸ் கார்டை மதிக்கிற மாநிலங்கள் நிறைய. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா மூன்றும் வெளி மாநில பர்மிட் எதையும் மதிப்பதில்லை. 2013இல் பென்சில்வேனியா பர்மிட் வைத்திருந்த ஒரு பெண்ணை நியூ ஜெர்சியில் போலீஸ் நிறுத்தியபோது, துப்பாக்கி இருக்கிறது, பர்மிட்டும் இருக்கிறது என்று அவரே சொன்னார். கைதானார். குறைந்தது மூன்றரை ஆண்டுச் சிறை என்ற நிலை. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்ததால் தப்பினார்.

1986ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் காப்பாற்றும் என்று யாராவது சொல்வார்கள். அது வழியில் இருக்கிற மாநிலத்தைக் கடந்து போவதற்கு, அதுவும் கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியோடு இருப்பது சட்டப்படி சரியாக இருந்தால்தான். தோட்டாவை எடுத்துவிட்டு டிக்கியில் வைக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டியில். கிளவ் பாக்ஸைப் பூட்டி வைத்தால் செல்லாது, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். உங்களுக்கு எடிசனே சேரும் இடம் என்பதால் வீட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள்.

உச்ச நீதிமன்றத்தின் 2022 துப்பாக்கித் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க்கும் டெக்சஸ் மாதிரி ஆகிவிட்டதா?

இல்லை. 'உனக்கு ஏன் துப்பாக்கி' என்று சிறப்புக் காரணம் கேட்கக் கூடாது என்பதுதான் புரூயன் தீர்ப்பு. பர்மிட் வாங்கத்தான் வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நியூயார்க்கில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது: 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, டைம்ஸ் ஸ்கொயரிலும் சப்வேயிலும் தடை.

பர்மிட் வேண்டாத மாநிலம்தான் 29 இருக்கிறதே, அப்புறம் எதற்கு லைசென்ஸ் எடுத்தீர்கள்?

ஒன்று, டெக்சஸ் கார்டை மதிக்கிற பக்கத்து மாநிலங்கள். இன்னொன்று பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது ஃபெடரல் சட்டம், அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு. ஊருக்குள் ஒரு சுற்று வந்தால் எத்தனை பள்ளியைத் தாண்டுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டெக்சஸில் சில கடை வாசலில் சிவப்பில் 51% என்று போட்டிருக்கிறதே?

அங்கேயே குடிப்பதற்கு விற்கும் மதுவில் பாதிக்கு மேல் வருமானம் வரும் இடம். துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது, லைசென்ஸ் இருந்தாலும்.

போலீஸ் நிறுத்தினால் நானே முந்திக்கொண்டு சொல்ல வேண்டுமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகனில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். டெக்சஸில் லைசென்ஸ்காரரிடம் அடையாள அட்டை கேட்டால் அதையும் துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்து நீட்ட வேண்டும். என்னை எங்கே நிறுத்தினாலும் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேலே வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன். பர்ஸை எடுப்பதுகூட அவர் எடு என்று சொன்ன பிறகுதான்.