உதடு பார்த்து வாயால் பேசப் பழகுவதுதானே காது கேளாதவர்களுக்கு நல்லது? அதைச் சொன்னால் ஏன் பாரபட்சம் என்கிறார்கள்?

இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், அதுவும் அக்காவிடமே. அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பதில் சொல்லாமல் என்னை இழுத்துப்போய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். குரல் எழுப்பாமல் முதலில் ‘அம்மா’ என்று சொல், அப்புறம் ‘அப்பா’ என்று சொல் என்றாள் சைகையில்.

நீங்களும் ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. மகரத்துக்கு மூக்கு வழியே காற்றுப் போகிறது, பகரத்துக்குப் போவதில்லை. மூக்குக்குள் நடப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? பாடமும் மாடமும் உதட்டில் ஒன்றுதான், பணமும் மணமும் ஒன்றுதான். ககரம் வாய்க்குள் பின்பக்கம் எங்கேயோ பிறந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. ல, ள, ழ மூன்றையும் காதால் கேட்டே குழப்பிக்கொள்கிற நாம், உதட்டைப் பார்த்துப் பிரித்துக்கொள் என்று அவளிடம் சொல்கிறோம். பேசுகிறவர் மீசை வைத்திருந்தாலோ, வெளிச்சம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தாலோ அதுவும் போச்சு. பாதிக்கு மேல் ஊகம். நாள் முழுக்க ஊகித்துவிட்டுச் சாயங்காலம் அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை, ரொம்ப நாள் கோபம் என்றே நினைத்திருந்தேன்.

பேசப் பழகுவதில் தப்பு இல்லை. விருப்பப்பட்டுப் பழகி நன்றாகவே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சுதான் உசத்தி, கை அதற்கு ஒரு மாற்று குறைச்சல் என்று வைத்துவிட்டு, எட்டி வர வேண்டிய தூரம் முழுவதையும் காது கேளாதவரையே நடக்கச் சொல்கிறோமே, பாரபட்சம் என்பது அதைத்தான். இதற்கு ஆங்கிலத்தில் ‘ஆடிசம்’ என்று பெயர். (‘ஆட்டிசம்’ வேறு. நான் இதைச் சொன்னால் பாதிப் பேர் அதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.) 1970களில் டாம் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கர் உண்டாக்கிய சொல், அவரும் காது கேளாதவர். காது கேட்கிறது என்பதாலோ, கேட்பவரைப் போல நடந்துகொள்ள முடிகிறது என்பதாலோ தன்னை ஒருபடி மேலாக நினைப்பதை அவர் அப்படிச் சொன்னார். அந்த இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். காது கேளாதவர்களுக்குள்ளேயே ‘நான் பேசுவேன், அவன் கையை ஆட்டுகிறவன்’ என்ற ஏற்ற இறக்கம் உண்டு. அக்காவும் சின்ன வயதில் அப்படித்தான் இருந்தாள்.

அவள் படித்த பள்ளியில் கையால் பேசக் கூடாது. பேசினால் வகுப்பு முடியும்வரை இரண்டு கைகளின்மேலும் உட்கார்ந்திருக்க வேண்டும். பகரம் பழக உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டு ஒன்றைப் பிடிப்பார்கள். ஊதலில் அது ஆடினால் சரி, ஆடாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மகரத்துக்கு டீச்சர் மூக்கில் விரலை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பல மாதம் போராடி ‘அம்மா’ என்று சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் அவள் அப்போது இருந்த வயதில் நான் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்டு வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தேன். அவளிடம் அப்போது ஒரு கேள்வி கேட்கக்கூட மொழி இல்லை. மொழி அவளுக்கு விடுதியில்தான் கிடைத்தது. விளக்கணைத்த பிறகு குளியலறை வெளிச்சத்தில் பெரிய வகுப்புப் பெண்கள் சொல்லிக்கொடுத்த சைகைதான் அது.

இது ஏதோ ஒரு பள்ளியின் கிறுக்குத்தனம் இல்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வியாளர்கள் மாநாடு கூடி, வாய்ப்பேச்சு முறைதான் சிறந்தது என்று தீர்மானம் போட்டது. கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள்தான். அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை மொழி துரத்தப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானங்களுக்கு அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். 130 வருஷம்!

தொலைபேசிக்குப் பேர்போன கிரகாம் பெல்லின் அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. வாய்ப்பேச்சு முறைக்காகக் கடைசிவரை வாதாடியவர் அவர். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்று 1883இல் எச்சரித்தவரும் அவர்தான். பாசத்துக்கும் பாரபட்சத்துக்கும் ஒரே வீட்டில் இடம் இருக்கும் என்பதற்கு அவரைத்தான் எனக்கு உதாரணம் காட்டத் தோன்றுகிறது. எங்கள் வீட்டையும் காட்டலாம்.

‘சைகை வெறும் கையாட்டல், அதற்கு ஏது இலக்கணம்’ என்பவர்களுக்கு: 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கில ஆசிரியர் அமெரிக்க சைகை மொழியைப் பிரித்துக் காட்டினார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு என்று எழுத்தொலிகளைப் போன்ற உறுப்புகள் அதற்கும் உண்டு. சைகை மொழிக்காரர் ஒருவருக்குப் பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால், பேசுகிறவருக்குப் பேச்சுக் குழறுவதைப் போலவே கைமொழி குழறுகிறது. மூளைக்கு வாயா கையா என்ற கவலை இல்லை.

சைகை பழகினால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று எங்கள் அம்மாவிடமும் சொன்னார்கள். சைகை பேச்சைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கைக்கு வந்த மொழி அடுத்த மொழிக்குப் படிக்கட்டாகிறது. காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைத்த குழந்தைக்கும் இது பொருந்தும். வெளிக்கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத் தூங்கும்போதும் குளிக்கும்போதும் அந்தக் குழந்தைக்குக் காது கேட்காதுதானே.

இவ்வளவு எழுதுகிற நான் யோக்கியனா என்றால், அதற்கு வருகிறேன். ஒரு அலுவலகக் கவுன்ட்டரில் அக்காவின் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்தவர் என்னைப் பார்த்து, “இவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?” என்றார். முதுகலை படித்தவள் அவள். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அதே வாரம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரோ ஏதோ சொல்ல, ஒரே சிரிப்பு. அக்கா என் முழங்கையைத் தொட்டு ‘என்ன?’ என்றாள். வாயில் சோறு, கதை வேறு பாதியில். ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்றேன்’ என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. எந்த அப்புறமும் வந்ததில்லை.

சைகை மொழிக்காரர்கள் நெருங்கியவர்களுக்கு ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள், தெரியுமா? நாமாக வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் தர வேண்டும். அக்காவின் தோழிகள் என்னைக் குறிக்க ஒரு சைகை காட்டுவதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஏதோ செல்லப் பெயர் என்று பெருமையாக இருக்கும். ஒழுங்காகச் சைகை மொழி வகுப்புக்குப் போக ஆரம்பித்த மூன்றாவது வாரம் அந்தச் சைகை பாடத்தில் வந்தது. அதற்கு ‘அப்புறம்’ என்று அர்த்தம்.

பெயரை மாற்றச் சொல்லி அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். யோசிக்கிறாளாம். அப்புறம் சொல்கிறாளாம்.