பதில்: கல்லூரித் திருவிழாவில் பேப்பர் கப், சருகு எரிப்பு

கத்தோலிக்கக் கல்லூரி, அதன் பாதுகாவலரான புனிதரின் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் பேப்பர் கப், அப்புறம் வாரந்தோறும் வேப்பஞ்சருகை எரிக்கிறார்கள், முதல்வர் ஃபாதரிடம் சொன்னால் "பார்க்கலாம்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் "பார்க்கலாம்" எனக்கும் பழக்கம்தான், நான் படித்த இடத்திலும் அதே பதில்தான், ஆனால் விடாதீர்கள்.

ஒரு கப்பை எடுத்து வெந்நீரில் நன்றாக ஊறப்போடுங்கள். காகிதம் கூழாகிவிடும், உள்ளே இருந்து கண்ணாடி போல மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக உரிந்து வரும். அதை ஃபாதர் மேசையிலேயே செய்து காட்டுங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது, அதையும் சொல்லுங்கள். போப் பிரான்சிஸ் 2015-இல் சுற்றுச்சூழலுக்காகவே ஒரு சுற்றுமடல் எழுதினார், ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் பழக்கத்தை அதில் கடுமையாகவே கண்டித்திருக்கிறார். ஒரு குருவானவரால் அதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. மாற்றாக, விடுதி மெஸ்ஸில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களைக் கேளுங்கள், கழுவ ஆள் வேண்டும் என்பார்கள், அதற்கு என்.எஸ்.எஸ். மாணவர்கள் பெயர்ப் பட்டியலோடே போங்கள்.

சருகை எரிக்காமல் உரமாக்க, கோழிவலையை வட்டமாக நிறுத்தி, சருகு ஓர் அடி, மேலே சாணிக் கரைசல் என்று அடுக்கினால் போதும். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். தோட்டக்கார அண்ணனிடம் முதலில் பேசுங்கள், எரிப்பவர் அவர்தான், உரமும் அவருக்குத்தான் வேண்டும்.