காலநிலை மாற்றத்தை நினைத்துத் தூக்கம் வராமல் போவது மனநோயா?

வெள்ளம், வெப்ப அலை வீடியோக்களை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பார்க்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவலை நியாயமானது, அதுவே நோய் ஆகாது. 2021-இல் இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல் கடுமையாகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். "படித்த பிள்ளைகளின் வேலையற்ற கவலை" என்று யாராவது கீழே எழுத வருவார்கள். அவர்களுக்காகவே எங்கப்பா கதையைச் சொல்கிறேன்.

அப்பா மேலூர்ப் பக்கத்து விவசாயி. வைகை அணைத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கள்ளந்திரி என்ற ஊர் வரை இருபோகம், அதற்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம்தான். அதனால் பேப்பரில் அவர் முதலில் தேடுவது வைகை அணை நீர்மட்டம். மொத்தம் 71 அடி, இன்றைக்கு எத்தனை என்று. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எங்களுக்கு நாற்று விடவே வழியில்லை. அப்பாவுக்குப் பேச்சு குறைந்தது, சாப்பாடு பாதி தட்டிலேயே கிடந்தது, நடுராத்திரி எழுந்து வாசலில் நிற்பார். பெரியம்மா குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போகச் சொன்னார். நான் மதுரையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம் எப்படி, பசிக்கிறதா, சாகலாம் என்று தோன்றுகிறதா, கடன் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத்தான் அப்பா ரொம்ப நேரம் பதில் சொன்னார். அதுவரை எங்களுக்கே தெரியாத கணக்கு அது. சில மாதம் மாத்திரை, கடனை வீட்டில் உட்கார்ந்து பேசியது, இரண்டும் சேர்ந்து தூக்கத்தை மீட்டன. அணை மட்டம் பார்ப்பதை அவர் விடவில்லை. விட வேண்டாம் என்றுதான் டாக்டரும் சொன்னார்.

டாக்டரிடம் போனது ஊருக்குத் தெரிந்ததும் தங்கச்சிக்கு வந்த வரன் தட்டிப்போனது. "குடும்பத்துலயே அந்த வியாதி இருக்கோ" என்று தரகரை விட்டுக் கேட்டார்கள். சர்க்கரை மாத்திரை போடாத வீடு அந்தத் தெருவில் இல்லை, அதற்கு எந்த வரனும் நிற்பதில்லை. இத்தனைக்கும் அப்படிக் கேட்டனுப்பியவர் வாய்க்காலைத் தூர்த்துப் பிளாட் போட்டு விற்றவர்!

சரி, உங்கள் விஷயம். படுக்கும்போது போனை வேறு அறையில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், வேலை ஓடவில்லை என்றால், 14416-க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பேசுங்கள். நான் டாக்டர் இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.