பாரதியும் செல்போனும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி. தலைப்பு ‘அன்றே சொன்னார்கள்’. வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் திரட்டிக் கொடுத்தேன். காசி நகர்ப் புலவர் பேசும் உரையைக் காஞ்சியில் கேட்க ஒரு கருவி செய்வோம் என்று பாரதி பாடினாரே, அப்போதே செல்போனைக் கணித்துவிட்டார் என்பதுதான் அதில் முதல் பாயிண்ட். மகள், “அப்போ அந்தக் காலத்துல போனே இல்லையாப்பா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய ஆட்கள் நிஜமாகவே இதையெல்லாம் கணித்தார்களா, இல்லை நாம்தான் பின்னால் போய்ப் பொருத்திக்கொள்கிறோமா?

(பெயர் வேண்டாம்), தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளுக்கு முதலில் ஒரு ஷொட்டு. போன் இருந்தது. கிரஹாம் பெல் 1876-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். சென்னையில் தொலைபேசி இணைப்பகம் திறந்தது 1882 ஜனவரியில், பாரதி பிறந்ததே அந்த வருஷம் டிசம்பரில்தான். பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்து உலகச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்த மனிதருக்குத் தொலைபேசி தெரியாமலா இருந்திருக்கும்? வினைமுற்றைப் பாருங்கள்: ‘செய்வோம்’. வரும் என்று சொல்லவில்லை, யாரோ செய்வார்கள் என்றும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் செய்து வைத்திருப்பதை நாமும் செய்துகாட்டுவோம் என்கிற வீம்பு அது. அதே பாட்டில் குடை செய்வோம், கோணி செய்வோம், இரும்பாணி செய்வோம் என்றும் வருகிறது. பாரதி குடையைக் கணித்தார் என்று யாரும் ஃபார்வர்ட் அனுப்புவதில்லை!

சரி, கணிப்பென்று தைரியமாகச் சொல்லக்கூடியது ஏதும் இல்லையா என்றால், இருக்கிறது. லண்டனில் வந்துகொண்டிருந்த ‘பஞ்ச்’ நகைச்சுவைப் பத்திரிகையில் 1878 டிசம்பரில் ஜார்ஜ் டு மோரியே என்ற ஓவியர் போட்ட கார்ட்டூன். தொலைபேசி வந்து இரண்டே வருஷம், எடிசன் ஒலிப்பதிவுக் கருவி செய்து ஒரு வருஷம். இந்த ஆள் இனி எதைத்தான் செய்யமாட்டார் என்று ஊரே வாய்பிளந்திருந்த நேரம், அதனால் எடிசன் செய்யாத ஒரு கருவியை அவர் தலையில் கட்டி டு மோரியே படம் வரைந்துவிட்டார். லண்டன் வீட்டுப் படுக்கையறை. கணப்படுப்புக்கு மேலே, சுவரை அடைத்துக்கொண்டு ஓர் அகலத் திரை. எதிரே வயசான அப்பாவும் அம்மாவும். திரையில் அவர்களுடைய பிள்ளைகள் மட்டையும் கையுமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே? இலங்கையில்! அப்பா குழாயை வாயருகே வைத்துக்கொண்டு, “பீட்ரிஸ், கிட்ட வா, ரகசியமாக ஒன்று கேட்கணும்” என்கிறார். மகள் வருகிறாள். சார்லி பக்கம் ஆடுகிறாளே, அந்த அழகான பெண் யார் என்கிறார். இப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறாள் அப்பா, ஆட்டம் முடியட்டும், அறிமுகப்படுத்துகிறேன் என்கிறாள் மகள். அவ்வளவுதான் படம்.

தினமும் தூங்கப் போகும் முன் பெற்றோர் இப்படிப் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவார்கள் என்று கீழே குறிப்பு வேறு. கருவியைப் பற்றி டு மோரியேவுக்கு ஒன்றும் தெரியாது, குழாயும் கம்பியுமாக ஏதோ வரைந்து வைத்திருக்கிறார். ஆனால் அதை யார், எந்த நேரத்தில், எதற்காக எடுப்பார்கள் என்பதை அப்படியே பிடித்துவிட்டார். பிள்ளை கடல் கடந்து போன வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன தோன்றும் என்று தெரிந்தால் போதும், அதற்கு விஞ்ஞானம் வேண்டாம். (அந்த வருஷங்களில் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து நம் ஆட்கள் கடலைத் தாண்டி, மன்னார்ப் பக்கம் காட்டு வழியே நடந்து, இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிள்ளை உயிரோடு போய்ச் சேர்ந்தானா என்றுகூடத் தெரியாமல் இருந்த அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் ஒரு திரை வரையலாம் என்று லண்டனில் யாருக்குத் தோன்றப்போகிறது.)

இதற்கு நேர்மாறான கதை, கருவியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களுடையது. அமெரிக்காவின் தொலைபேசிக் கம்பெனி ஏடி அண்ட் டி 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ‘பிக்சர்போன்’ என்று ஒன்றைக் காட்டியது. முகம் பார்த்துப் பேசும் போன். கூட்டம் அலைமோதியது. நியூயார்க், சிகாகோ, வாஷிங்டனில் அதற்கென்று கூண்டுகள் வைத்தார்கள், மூன்று நிமிஷத்துக்கு 16 முதல் 27 டாலர் வரை. அப்புறம் 1970-ல் பிட்ஸ்பர்க் நகரில் முறையாகச் சேவை தொடங்கினார்கள். மாசம் 160 டாலர், அதில் அரைமணி நேரம் பேசலாம், மேலே போனால் நிமிஷத்துக்குக் கால் டாலர். ஒரு மேனேஜர் இன்னொரு மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பேச ஆசைப்படுவார் என்று நம்பினார்கள் பாவம். மேனேஜர் முகத்தை யாராவது காசு கொடுத்துப் பார்ப்பார்களா? மொத்தம் சில நூறு சந்தாவைத் தாண்டவில்லை, கொஞ்ச வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். விலை ஒரு காரணம், எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே பெட்டி இருக்க வேண்டும் என்பது இன்னொன்று, மணி அடித்தால் தலை சீவிக்கொண்டு ஓடவேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேல்.

1900 வாக்கில் பிரான்ஸில் ‘2000-ஆம் ஆண்டில்’ என்று படஅட்டைகள் வரைந்தார்கள், அவையும் இணையத்தில் சுற்றுகின்றன. அதில் ஒன்றில் மின்சார இயந்திரம் துடைப்பமும் பிரஷும் பிடித்துத் தரை தேய்க்கிறது, பக்கத்தில் வேலைக்காரப் பெண் அதை ஓட்டிக்கொண்டு நிற்கிறாள். இயந்திரம் வந்தால் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று வரைந்தவருக்குத் தோன்றவே இல்லை. ஒருவேளை அவர் நம்மூரைத்தான் கணித்தாரோ என்னவோ. எங்கள் வீட்டில் வாக்வம் கிளீனர் பரணில் தூங்குகிறது, அக்கா வந்து பெருக்கிவிட்டுப் போகிறார்.

உங்கள் மகளை அந்த இலங்கைப் படத்தையே பேசச் சொல்லுங்கள், தலைப்புக்குப் பொருந்தும். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். படத்தில் அந்தப் பெற்றோர் திரைக்கு முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறார்கள். என் பெரியம்மாவின் மகன் தோஹாவில் இருக்கிறான். ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ கால் வரும். பெரியம்மா போனை வாங்கியவுடன் காதில் வைத்துக்கொண்டுவிடுவார், பையனுக்குத் திரை முழுக்க ஒரு கல்தோடும் கொஞ்சம் நரைமுடியும்தான் தெரியும். “அம்மா, போனை முன்னாடி பிடிங்க” என்று கத்துவான். பிடிப்பார். இப்போது மின்விசிறியும் பாதி நெற்றியும். சமையலறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, “கிட்ட வா, ஒண்ணு சொல்லணும்” என்று குரலைத் தாழ்த்துவார். ஸ்பீக்கர் போட்டிருப்பது அவருக்குத் தெரியாது. மருமகள் அடுப்படியிலிருந்து, “சொல்லுங்கத்தே, நானும் கேக்கறேன்” என்பாள்.